குக்கரில் விளைந்த கல்

எங்கள் தீவில் வந்து இறங்கிய அன்றே டாக்டர் நப்பின்னை ஒரு கல்லை எடுத்து நக்கினாள். படகுத்துறையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். கும்பெனி இந்த முறை சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறது என்று என் தம்பி இன்னாசி காதுக்குள் முணுமுணுத்தான். நான் அவனை முறைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.

நான் செலஸ்தீன் பர்னாந்து, ஆழிக்குன்றுத் தீவின் சங்கத் தலைவி. தலைவி என்றதும் மாலையும் மேளமும் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர்க் கப்பல் வரும் நாளில் குடத்துக்குக் குடம் முட்டிச் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் பதவி.

தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரைக் கடல் எடுத்துக்கொண்டபோது எனக்குப் பால்பல் விழுகிற வயது. எங்களைக் கொண்டுவந்து இந்த எரிமலைத் தீவில் இறக்கினார்கள். மீன் உண்டு, தென்னை உண்டு. மலையின் வயிற்றில் இன்னும் சூடு இருப்பதால் வீட்டுக்கு வீடு ஆவிக்குழி உண்டு. பானையை இறக்கி வைத்தால் சோறு தானாக வேகும். தண்ணீர்தான் இல்லை. பெய்கிற மழை கருங்கல் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். கிணறு தோண்டினால் உப்பு.

அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். பாத்திரம் கழுவ மாட்டோம். மாசிக் கருவாட்டுக்குப் புகைபோட்ட தேங்காய் மட்டைச் சாம்பலைத் தூவி, துணியால் அழுத்தித் துடைத்துக் கவிழ்த்துவிடுவோம். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இங்கே பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்ல மாட்டார்கள்; ஒரு சட்டியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்வார்கள்.

கப்பலில் தண்ணீர் அனுப்புவது கும்பெனி. மலையில் உள்ள கனிமம் அத்தனையும் அவர்களுக்குக் குத்தகை. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்ததும் கப்பல் நின்றுவிடும் என்று அவர்கள் அறிவித்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் கரைக்குப் போய் அடுக்குமாடியில் குடியேற வேண்டுமாம். அதற்குத் தலைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு தடவை மூட்டை கட்டியவள் நான். எங்கள் அம்மா அந்தப் படகில் வாய்விட்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. இன்னொரு தடவை இந்த ஜனத்தை நான் படகில் ஏற்றுவதா? ஆனால் தண்ணீர் இல்லாமல் வீராப்பை வைத்து என்ன செய்ய?

இந்த லட்சணத்தில்தான் கும்பெனி நப்பின்னையை அனுப்பியது. மலையில் எந்தெந்தக் கல் எங்கெங்கே இருக்கிறது என்று இனம் கண்டு, சேகரித்து, பெட்டி பெட்டியாக அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. நாங்கள் கிளம்பியதும் மலையைக் கிளறப் போகிறவர்களுக்கு அவள்தான் கண். தங்க இடம் கேட்டு என் வீட்டுக்கே வந்தாள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தத்தான் நினைத்தேன். ஆனால் அவள் வந்து நின்ற கோலம், வெயிலில் கருகிய மூக்கும், சுத்தியல் பட்டுக் கறுத்த கட்டைவிரல் நகமுமாக, கோபத்தைக் காட்ட விடவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டாள். துடைத்த தட்டிலேயே சாப்பிட்டாள். அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

"கல்ல எதுக்குட்டி நக்குதே? என் சமையல்ல உப்புப் பத்தலையா?" என்று ஒருநாள் கேட்டேன். டாக்டரம்மா அதற்குள் ஏட்டி ஆகியிருந்தாள்.

"நாக்குல ஒட்டுதான்னு பாக்கறேன்க்கா. ஒட்டினா, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அதுக்குள்ள நிறைய இருக்குன்னு அர்த்தம். நாக்கோட ஈரத்தைக் கல்லு உறிஞ்சுது."

மேசை முழுக்கக் கருங்கல் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஆப்பத்தில் இருப்பது போலக் குழிகள். குழிக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிகங்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது காற்றுக் கொப்புளம் இருந்த இடங்கள் அவை என்றாள். சுடுநீர் ஊறி ஊறி அந்தக் குழிகளுக்குள் வளர்வதுதான் சியோலைட்.

"இது ஊசி ஊசியா இருக்கா, நேட்ரோலைட். தாயக்கட்டை மாதிரி இருக்கறது சாபசைட். நெல்லுக்கட்டை நடுவுல இறுக்கிக் கட்டினாப்ல இருக்கு பாருங்க, அது ஸ்டில்பைட்."

"ரெண்டு கல்லு ஒண்ணுபோல ஊசியா இருந்தா?"

"நெருப்புல காட்டிட வேண்டியதுதான். நேட்ரோலைட் சத்தம் போடாம உருகும். ஸ்கோலசைட் புழு மாதிரி நெளியும்." மெழுகுவத்தியில் ஒரு ஊசியைக் காட்டினாள். அது நிஜமாகவே நெளிந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"சியோலைட்டுங்கறது ஒரு லாட்ஜுக்கா. உள்ள பூரா அறை அறையா இருக்கும். வாசல் அகலத்துக்குத் தகுந்த ஆள்தான் உள்ள போக முடியும். தண்ணி தாராளமாப் போகும். சூடு பண்ணினா அறையைக் காலி பண்ணிட்டு வெளிய வந்துடும்."

தண்ணி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கையிலிருந்த மீனை வைத்துவிட்டேன். "இந்தக் கல்லுக்குள்ள தண்ணி இருக்குங்கியா?"

"இருக்கு. ஆனா நல்லா வறுத்தெடுத்தாத்தான் விடும். வெறும் வெயில் சூட்டுக்குத் தண்ணியை விடற கல்லு இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"பாத்தா?"

அவள் கல்லைக் கீழே வைத்தாள். "பாத்தா, விடியக்காலைப் பனிக்காத்துல தண்ணியைக் குடிச்சுட்டு உச்சிவெயில்ல திருப்பிக் குடுத்துடும். கிணறு வேணாம், கப்பல் வேணாம். அப்படி ஒண்ணு கெடைச்சா உலகமே அதைத்தான் பேசும்க்கா. நானும் புதுசா ஒரே ஒரு கல்லாவது கண்டுபிடிச்சுடணும்னு காலேஜ்லேர்ந்து அலையறேன்."

"கண்டுபிடிச்சா உன் பேர வைப்பாங்களோ?"

"கண்டுபிடிச்சவங்க தன் பேரை வெச்சுக்கக்கூடாது, அது மரபு. ஆனா பேர் வெக்கற உரிமை நம்மகிட்ட இருக்கும். அதுக்கும் ஒரு துண்டு மியூசியத்துல போய் உக்காரணும். துண்டு இல்லன்னா அப்படி ஒரு கல்லே இல்லன்னுதான் கணக்கு." பிறகு குறும்பாகச் சிரித்தாள். "உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு கல்லு இருக்குக்கா. செலஸ்தீன். நீல நிறம். தொட்டா உடைஞ்சுடும்."

"அப்ப அது என் பேர்ல இல்ல," என்றேன்.

* * *

தீவின் வடமுனையில் பேய்வாய் என்று ஒரு குகை. கடல்மூட்டம் நேராக அதற்குள்தான் நுழையும். கயிற்றில் இறங்கினால்தான் போக முடியும், கயிறு விட இன்னாசியை விட்டால் ஆள் இல்லை. என் தம்பிக்கு வெற்றிலை இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. அன்று பொட்டலத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய், குகை வாயில் தொங்கிய ஏதோ ஒரு கொடியின் இலையைப் பறித்து மென்றிருக்கிறான். "ஆத்தாடி, என்னா உறைப்பு! நாக்கு அத்துப்போச்சு எக்கா," என்று திரும்பி வந்ததும் புலம்பினான். எரிச்சல் அடங்க, அங்கே பாறைக் குழியில் தேங்கிக் கிடந்த நீரை அள்ளிக் குடித்தானாம்.

"கடத்தண்ணியையா குடிச்ச?"

"இல்ல எக்கா. அது நல்ல தண்ணி. இளநி மாதிரி இருந்துச்சு."

மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. நானும் நப்பின்னையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் அவளே கயிற்றில் இறங்கினாள். அந்தக் குழிக்கு நேர் மேலே, பாறைப் பொந்தில், தேன் நிறத்தில் மயிரிழை மயிரிழையாக ஒரு படிகக் கொத்து. கைமுட்டி அளவு. அதன் நுனிகளிலிருந்துதான் நீர் சொட்டியது.

வெட்டி எடுக்கும்போது ஓரத்தில் நகம் அளவு ஒரு துண்டு தனியாக வந்துவிட்டது. இரண்டையும் என் அடுப்படிக்குக் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய கையடக்கக் கருவி எந்தக் கல்லைக் காட்டினாலும் பெயர் சொல்லும். இதற்கு வாயைத் திறக்கவில்லை. தீயில் ஒரு இழையைக் காட்டினாள். புழுவாக நெளிந்தது. ஆறியதும் மறுபடி நிமிர்ந்து பழையபடி நின்றது.

"இது புதுசுக்கா," என்றாள். "வெயிலுக்கே தண்ணி விடுது. நான் சொன்னேனே, அந்தக் கல்லு."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். என் உடம்புக்கு அது அதிகம். பிறகு வாரக்கணக்கில் அவளும் இன்னாசியும் பேய்வாயையும் அதைச் சுற்றியுள்ள பாறைகளையும் சல்லடை போட்டுத் தேடினார்கள். வேறு ஒரு இழைகூடக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு கொத்து. நாளெல்லாம் வெயிலில் வைத்தாலும் அரைக் கரண்டித் தண்ணீர். அதை வைத்து யார் தாகத்தைத் தீர்க்க?

அதற்குள் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். சந்தோஷம் தாங்காமல், கண்டுபிடித்த அன்றே கும்பெனிக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். மேலாளர் வில்வநாதன் அடுத்த கப்பலிலேயே நேரில் வருவதாகப் பதில் வந்தது.

"அவங்க கையில போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவள் தலை குனிந்தாள். "பூட்டி வெப்பாங்க. அறை அமைப்பை அளந்து பேடன்ட் வாங்குவாங்க. செய்யத் தெரிஞ்சா செஞ்சு விப்பாங்க. தெரியலன்னா வேற யாரும் செய்யாமப் பாத்துப்பாங்க."

"எங்களுக்கு?"

"அடுக்குமாடிதான்க்கா."

அன்று அவளுக்குச் சோறு மட்டும் எடுத்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கல் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டாம். படிகத்தின் மேல் சுண்ணாம்புத் தோல் படிந்திருந்தால் ஆசிட்டில் முக்கி எடுத்துவிடுவார்கள். சுண்ணாம்பு கரைந்து படிகம் பளிச்சென்று வரும். சில சியோலைட்டுகள் ஆசிட்டில் தாங்காது என்று பள்ளிப் பிள்ளைக்குத் தெரிவது போல அவளுக்கும் தெரியும். ஆனால் மேலாளர் வருகிறார், அறை அமைப்பைச் சீக்கிரம் பார்த்தாக வேண்டும், கொத்தின் அடி முழுக்கச் சுண்ணாம்பு. ஒரு இழையை முக்கிப் பார்த்தாள், தாங்கியது. முழுக் கொத்தையும் முக்கிவிட்டு, கருவியைத் துடைக்கப் போனாள். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் நுங்கு மாதிரிக் கூழ்தான் இருந்தது.

அவள் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். குகையின் ஈரம் ஏற்கெனவே சளியாகப் பிடித்திருந்தது. அழுததில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எனக்கு அவள் மேல் இருந்த வருத்தமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. எங்கள் தீவில் ரசம் என்பது விருந்துச் சமையல், அத்தனை தண்ணீரை யார் கொட்டுவது? ஆனால் அன்று நான் என் பங்குத் தண்ணீரை எடுத்து, எவர்சில்வர் குக்கரில் மிளகையும் பூண்டையும் தட்டிப்போட்டு, ஆவிக்குழியில் இறக்கி, நல்ல காட்டமாக ரசம் வைத்தேன். குடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லேப்ல சியோலைட்டைக் கூழ்லேர்ந்துதான் வளப்பாங்க."

"என்னது?"

"இதே மாதிரிக் கூழ். ஆசிட்டை முறிச்சு, சாம்பல் தண்ணி மாதிரி ஒண்ணைச் சேத்து, காத்துப் போகாத பாத்திரத்துல ரொம்ப நேரம் வேக வெக்கணும். அதுக்குள்ள படிகம் பிறக்கும். என்ன படிகம் பிறக்கும்ங்கறதுதான் தெரியாது."

"சாம்பல் இருக்கு. ஆவிக்குழி இருக்கு. குக்கர் இருக்கு," என்றேன். "இதுல உனக்கு எதுட்டி இல்ல?"

முதல் முறை கூழில் கொஞ்சம் எடுத்து, அவள் கொண்டுவந்திருந்த, கண்ணாடி போலக் கழுவித் துலக்கிய ஆய்வுக்கூடப் பாத்திரத்தில் வைத்தோம். திறந்தபோது வெள்ளை மண். நாக்கில் ஒட்டியது, அவ்வளவுதான். வெயிலில் ஒரு சொட்டும் விடவில்லை.

"விதை வேணும்க்கா," என்றாள். "பால்ல உறை குத்தற மாதிரி. பழைய படிகத்தைப் பொடிச்சுப் போட்டாத்தான் புதுசு அதே வழியில வளரும்."

மீதி இருந்தது அந்த நகத் துண்டு ஒன்றுதான். மியூசியத்துக்குப் போக வேண்டிய துண்டு. அவள் காலேஜிலிருந்து அலைந்த அலைச்சலுக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. அதைப் பொடித்தும் படிகம் வளரவில்லையென்றால் கல்லும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை, கும்பெனியில் வேலையும் இல்லை.

"நீ வையிட்டி," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். "எங்க தலையெழுத்துக்கு நீ ஏன் உன்னுடையத அழிக்கணும்? நாங்க போய்ப் பிழைச்சுக்குவோம்."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மறுநாள் கப்பல் வரும் என்று படகுத்துறையில் குடங்கள் இப்போதே இடம் பிடித்து வரிசையில் நின்றன.

"இடிகல் எங்கக்கா?"

அவளே இடித்தாள். பொடியைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அவளுடைய ஆய்வுக்கூடப் பாத்திரத்திலும், மறு பாதியை, அதில் இடம் பற்றாததால், நான் சாம்பல் போட்டுத் துடைத்து வைத்திருந்த குக்கரிலும் போட்டாள். இரண்டிலும் கூழும் சாம்பல் தண்ணீர்த் தெளிவும் ஒரே அளவு. இரண்டையும் ஒரே ஆவிக்குழியில் இறக்கினோம்.

* * *

அடுத்த நாள் கப்பல் வந்தது, வில்வநாதனும் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் பயம். டாக்டருக்குக் காய்ச்சல், ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லி அவரை விருந்தினர் விடுதிக்கு அனுப்பிவைத்தேன். அங்கே அவர் சம்மதப் பத்திரத்தோடு காத்திருந்தார். சரக்கை இறக்கி, கடைசியில் தண்ணீரை விட்டு முடிகிறவரை ஒரு வாரம் கப்பலும் நிற்கும்.

குக்கரைத் திறக்கும் வேளை வந்தது. முதலில் ஆய்வுக்கூடப் பாத்திரம்: மண். நப்பின்னையின் முகம் செத்துப்போயிற்று. அடுத்ததை அவள் தொடவே இல்லை. நான்தான் திறந்தேன்.

குக்கரின் உட்சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் மயிர் முளைத்திருந்தது.

நான் போட்ட கூச்சலுக்கு இன்னாசி மீன்வெட்டுக் கத்தியோடு ஓடிவந்தான். குக்கரைக் கடல்மூட்டத்தில் காட்டி, வெயிலில் கவிழ்த்து, கீழே ஒரு தட்டு வைத்தோம். சொட்டத் தொடங்கியது. நின்றபாடில்லை. தட்டு நிறைந்தது, கிண்ணம் வைத்தோம். கிண்ணம் நிறைந்தது, நப்பின்னை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அப்படியே நிறுத்தினாள்.

"அக்கா, இது ரசம் மணக்குது."

நானும் குடித்தேன். நல்ல தண்ணீர்தான். ஓரத்தில் மிளகு வாசம்.

அவள் குக்கரைத் தூக்கி, கேஸ்கட்டைக் கழற்றி, அடியில் விரலைவிட்டுச் சுரண்டி மோந்தாள். "இதுல என்ன வெச்சீங்க?"

"உனக்குத்தான் ரசம் வெச்சேன். நல்லாத் துடைச்சுத்தானே கவுத்தேன்!"

"கழுவலையே?"

"எங்க ஊர்ல எவ கழுவுவா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். காய்ச்சல் தலைக்கேறிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். "வீடு கட்டறப்போ சாரம் கட்டுவாங்கல்லக்கா? இந்தக் கல்லோட அறைகள் எழும்பவும் உள்ள ஒரு சாரம் வேணும். மிளகோட உறைப்பு சாம்பல் தண்ணியில வெந்தா உடையும். உடைஞ்ச துண்டு அந்த அறைக்குச் சரியான அளவு. விதை வழி காட்டிருக்கு, மிளகு தாங்கிப் புடிச்சுருக்கு. கழுவின பாத்திரத்துல சாரம் இல்ல, அதான் இடிஞ்சு மண்ணாப் போச்சு."

"அப்ப குகைக்குள்ள யாருட்டி ரசம் வெச்சது?"

"அதுதான்க்கா எனக்கும் தெரியல."

அதைப் பற்றி யோசிக்க அப்போது யாருக்கு நேரம்? குக்கரில் முளைத்ததைச் சுரண்டி அடுத்த குக்கருக்கு விதையாக்கினோம். கூழுக்கு, கரையோரத்தில், குத்தகை எல்லைக்கு வெளியே, குவிந்து கிடக்கும் சாதாரண நேட்ரோலைட்டை ஆசிட்டில் கரைத்தாலே போதும் என்றாள். வீடு வீடாகப் போய்க் குக்கர் கேட்டேன். தலைவியாகி இத்தனை காலத்தில் என் பேச்சை ஒரே குரலில் எல்லோரும் கேட்டது அன்றுதான். ஆழிக்குன்றில் அந்த வாரம் ஒரு வீட்டிலும் சோறு வேகவில்லை. சுட்ட மீனும் தேங்காயுமாக ஓட்டினோம். ஒவ்வொரு ஆவிக்குழியிலும் ஒரு குக்கர், ஒவ்வொரு குக்கரிலும் ஒரு பிடி மிளகு. தீவே தும்மிக்கொண்டிருந்தது.

கப்பல் கிளம்பும் நாளில் வில்வநாதன் என் வீட்டுக்கு வந்தார். வழியில் படகுத்துறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வரிசை இல்லை. குடம் இல்லை. கப்பல்காரர்கள் குழாயைக் கையில் பிடித்தபடி வெறுந்தரையைப் பார்த்து நின்றார்களாம்.

நப்பின்னை தன் பெட்டிகளை எடுத்து அவர் முன் அடுக்கினாள். நேட்ரோலைட், சாபசைட், ஸ்டில்பைட், ஸ்கோலசைட், எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி.

"புதிய கல்?" என்றார்.

"இல்ல சார். ஆசிட்ல பாதி போச்சு. மீதியை நானே இடிச்சுட்டேன்."

அவர் மொட்டை மாடிகளைப் பார்த்தார். மாடிக்கு மாடி தாம்பாளங்கள், தாம்பாளத்தில் தேன் நிறக் கல், கீழே பானையில் நீர் சொட்டும் சத்தம். "அப்படியென்றால் அதெல்லாம் என்ன மேடம்? இந்த மலையின் கனிமம் அனைத்தும் எங்கள் குத்தகை."

"கனிமம்னா மனுஷன் கை படாம இயற்கையா உண்டானது. நீங்க எழுதின ஒப்பந்தத்தோட முதல் பக்கத்துலயே அந்த விளக்கம் இருக்கு. இது செலஸ்தீன் அக்கா குக்கர்ல உண்டானது. எப்படிச் செய்யறதுன்னு இன்னைக்குக் காலையில உலகத்துக்கே எழுதி அனுப்பிட்டேன். இனிமே இதை யாரும் பூட்டி வெக்க முடியாது."

"உங்கள் எதிர்காலத்தைப் பற்றி யோசித்தீர்களா டாக்டர்?"

"யோசிச்சேன் சார்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "மியூசியத் துண்டு போயிடுச்சு. அந்தக் கல்லு இனிமே எந்தப் பட்டியல்லயும் இல்ல. வேலையும் இல்லன்னு தெரியும்."

நான் அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். விருந்தாளியாயிற்றே. குடித்துவிட்டு மூக்கைச் சுருக்கினார். "ரசம் வாசனை வருகிறதே?"

"பழகிரும் சார்," என்றேன். சம்மதப் பத்திரத்தை நாலாக மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். "நாங்க எங்கயும் போகல."

கப்பல் தன் தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு திரும்பியது. தீவு முழுக்கப் படகுத்துறையில் நின்று கையசைத்தோம். கோயில் மணியை இன்னாசி அடித்த அடியில் கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. அழுதவர்களும் உண்டு. நானும் அதில் ஒருத்தி.

* * *

அதற்குப் பிறகு காலம் ஓடிவிட்டது. எங்கள் முறையைப் பார்த்து எத்தனையோ வறண்ட ஊர்களில் மிளகுத் தண்ணீர்க் கல் விளைகிறது. நப்பின்னையைப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. கும்பெனியைப் பகைத்தவளை யார் எடுப்பார்கள்? அவள் இங்கேயே தங்கிவிட்டாள். தலையில் நரை விழுந்துவிட்டது. ஆனாலும் மலைப் பக்கம் போனால் ஒரு கல்லையாவது நக்காமல் வரமாட்டாள். எங்களிடமும் ஒரு மாற்றம்: பாத்திரம் கழுவுகிறோம். முதன்முதலாகக் கழுவிய அன்று தீவுப் பெண்களெல்லாம் திருவிழா போலக் கூடி, சட்டிபானையில் தண்ணீரை ஊற்றி ஊற்றி விளையாடினோம்.

போன வாரம் சுடரொளி என்று ஒரு பையன் வந்தான், மியூசியத்து ஆராய்ச்சியாளன். ஓடிவந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பஞ்சுப் பொதியைப் பிரித்தான். கருங்கல் குழிக்குள் தேன் நிறத்தில் ஒரு கொத்து.

"மேடம், குக்கர்ல இல்ல, பாறைக்குள்ள வளந்திருக்கு! இயற்கைக் கனிமம்!"

நப்பின்னை வாங்கிப் பார்த்தாள். நாக்கில் வைத்தாள். ஒரு இழையை மெழுகுவத்தியில் காட்டினாள். நெளிந்தது, நிமிர்ந்தது. கூடவே அடுப்படி முழுக்க மிளகு வாசம் பரவியது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் போதும், இடிகல்லில் போட்டது திரும்பிக் கிடைத்துவிடும். இருந்துவிடேன் பெண்ணே என்று என் மனசு கெஞ்சியது.

"இது கனிமம் இல்லப்பா," என்றாள் மெதுவாக. "நாங்க பாத்திரம் கழுவற தண்ணி, மிளகும் சாம்பலுமா, கீழ்ச்சரிவுல இறங்குது. ஆவி வேற இருக்கு. அது அங்க வளந்திருக்கும். அப்படித்தான் எழுதணும் நீங்க."

சுடரொளி விழித்தான். "கீழ்ச்சரிவா? இல்ல மேடம். இது வடமுனை. பேய்வாய்க்கு மேல. போன மாசம் மலை குலுங்கினப்போ சரிஞ்சு திறந்த பாறை. அங்க ஊரும் இல்ல, கழுவற தண்ணி ஏறவும் முடியாது. ஆவி வர்ற வெடிப்புக்குள்ள ஒரு காட்டுக்கொடியோட வேர் இறங்கியிருந்துச்சு. இதோ."

பையிலிருந்து ஒரு வாடிய கொடியை எடுத்துப் போட்டான். வெற்றிலை போன்ற இலை. சின்னச் சின்னப் பச்சைக் காய்க்கொத்து.

இன்னாசி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "எக்கா! அன்னைக்கு என் நாக்க அறுத்துச்சே, அந்த எலை!"

நான் ஒரு காயைக் கடித்தேன். மிளகு. காட்டு மிளகு. எரிமலைச் சாம்பல், ஆவி, மிளகு வேர். மலை எங்களுக்கு முன்னாலேயே ரசம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நப்பின்னை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும்.

"பெயர் முடிவு பண்ணிட்டேன் மேடம்," என்றான் அவன். "நப்பின்னைட். மறுக்காதீங்க. கண்டுபிடிச்சவன் நான், உரிமை எனக்குத்தான்."

"ஏட்டி," என்றேன். "அன்னைக்கு அந்தத் துண்ட நீ மியூசியத்துக்குக் குடுத்திருந்தா கண்டுபிடிச்சவ நீ. உன் பேரு அதுக்கு வந்தே இருக்காது."

அவள் கல்லை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து போய் மிளகு தட்டினேன். எல்லோரும் ரசம் விட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் சுடரொளி தன் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினான், நிறையத் தண்ணீர் விட்டு.